நான்கு நகரங்களின் கதையும் ஒரு வாக்குறுதியும்

கவிதைக்கும் கதைக்கும் திறனாய்வு எழுதுவோர் நம்மிடையே உளர். நீதிமன்றத் தீர்ப்புக்குத் திறனாய்வு எழுதுவோர் அரியர். தீர்ப்பென்பது வழக்கறிஞர்க்கும் கட்சிக்காரர்க்கும் உரிய பொருள் என்று அதனை ஒதுக்கி விடுகிறோம். ஆனால் ஒரு நாட்டு மக்கள் எதனைக் காணலாம், எதனைக் காணலாகாது என்று வரையறை செய்யும் தீர்ப்பு அந்நாட்டு இலக்கியத்தின் தலைவாயிலில் நிற்கும் காவலனைப் போன்றது. வாயிற்காவலனின் முகத்தை ஒருமுறையேனும் உற்று நோக்காமல் உள்ளேயிருக்கும் மண்டபத்தைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருப்பது முறையன்று. மதரஸாக்களில் பழைய ஃபத்வாத் தொகுப்புகளை வரிவரியாகப் பிரித்து, முடிவு யாது, முடிவுக்குரிய காரணம் யாது, போகிற போக்கில் சொல்லப்பட்டது யாது என்று பகுத்துப் படிக்கும் வழக்கம் இன்றும் உண்டு. அந்த வழக்கத்தை நாம் இங்கே ஒரு தீர்ப்பின்மீது செலுத்திப் பார்க்க விழைகிறோம்.

தீர்ப்பு, குவாஜா அஹ்மத் அப்பாஸ் இந்திய அரசுக்கு எதிராகத் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1970 செப்டம்பர் 24ஆம் நாள் வழங்கியது. எழுதியவர் தலைமை நீதிபதி முஹம்மது ஹிதாயத்துல்லா. திரைப்படங்களை அரசு முன்கூட்டியே தணிக்கை செய்வது அரசியலமைப்புக்கு ஒக்குமா என்ற வினாவை இந்தியாவில் நேருக்கு நேர் சந்தித்த முதற்பெரும் தீர்ப்பு அதுவே. இன்றளவும் தணிக்கை வழக்கு எது வந்தாலும் இரு தரப்பு வழக்கறிஞரும் அதனையே எடுத்துக் காட்டுகின்றனர். இரு தரப்பாரும் ஒரே நூலைத் தமக்குச் சான்றாகக் கொள்கிறார்கள் என்றால், அந்நூலுக்குள்ளேயே ஏதோ ஒரு பிளவு இருக்க வேண்டும்.

வழக்கின் இரு முனைகளிலும் நின்ற பெருமக்களைப் பற்றி இரண்டொரு சொல். அப்பாஸ் 1914இல் பானிபட்டில் பிறந்தவர், உர்தூப் பெருங்கவிஞர் மௌலானா ஹாலியின் கொள்ளுப்பேரர், அலீகரில் பயின்றவர். பம்பாய் வந்து இதழாளராய் வாழ்ந்தார். ராஜ் கபூரின் ஆவாரா, ஸ்ரீ 420 ஆகிய படங்களுக்குக் கதை வசனம் அமைத்தவரும் வங்கப் பஞ்சத்தைத் ‘தர்த்தி கே லால்’ என்று 1946இல் திரையில் வடித்தவரும் இவரே. ஹிதாயத்துல்லாவோ 1905இல் லக்னோவில் பிறந்து, நாகபுரியில் வழக்கறிஞராய் உயர்ந்து, இந்தியாவின் தலைமை நீதிபதியாகிய முதல் முஸ்லிம். தந்தையார் வலாயத்துல்லா உர்தூக் கவிஞர். முல்லாவின் முகமதியச் சட்ட நூலைப் பிற்காலப் பதிப்புகளில் திருத்தி வெளியிட்டவரும் ஹிதாயத்துல்லாவே. (அந்த முல்லா பார்ஸி வகுப்பினர் என்பதை நம் மாணவர் பலர் அறிய மாட்டார்கள், பெயர் கண்டு மயங்குவதுண்டு.) இவ்வாறு, உர்தூக் கவிமரபின் நிழலில் வளர்ந்த இருவர், ஒருவர் மனுதாரராகவும் மற்றவர் நீதிபதியாகவும் எதிரெதிரே அமைந்த வழக்கு இது.

வழக்குக்குக் காரணமான படம் பெரிதன்று. ‘நான்கு நகரங்களின் கதை’ என்னும் கறுப்பு வெள்ளை ஆவணச் சிறுபடம். கல்கத்தா, பம்பாய், மதராஸ், தில்லி ஆகிய நான்கு பெருநகரங்களின் மாளிகை வாழ்வையும் குடிசை வாழ்வையும் அடுத்தடுத்து வைத்துக் காட்டியது. பம்பாய்ப் பகுதியில், விலைமாதர் வாழும் தெரு ஒன்று சிறிது நேரம் வருகிறது. அப்பாஸ் எல்லாரும் காணத்தக்க ‘யு’ சான்றிதழ் கேட்டார். தணிக்கைக் குழு, வயது வந்தோர்க்கு மட்டுமே என்றது. மறுபரிசீலனைக் குழுவும் அதையே சொல்லியது. மத்திய அரசுக்கு மேல்முறையீடு செய்தபோது, சில வெட்டுகளுக்கு உடன்பட்டால் ‘யு’ தரலாம் என்று பதில் வந்தது. அவ்வெட்டுகள் எவை? அப்பெண் சன்னலை அடைப்பது. முழங்கால் வெளித் தெரிவது. பணநோட்டு ஒன்று கைமாறுவது.

இந்த மூன்றாவது வெட்டில்தான் நாம் சற்று நிற்க விரும்புகிறோம். முழங்காலை வெட்டச் சொன்னதன் காரணம் நமக்கு விளங்குகிறது. அதனோடு உடன்படவும் செய்யலாம், மாறுபடவும் செய்யலாம். சன்னல் அடைபடுவதையும் ஒருவாறு அவ்வகையில் அடக்கலாம். பணநோட்டு என்ன குற்றம் செய்தது? ஒரு நோட்டு ஒரு கையிலிருந்து மறு கைக்குப் போவதில் ஆபாசம் யாது? அப்படம் சொல்ல வந்ததே அந்த நோட்டைப் பற்றித்தான். ஒரு நகரின் மாடமாளிகைகளை எழுப்பிய பணமும், அதே நகரின் இருட்டுச் சந்தில் ஒரு பெண்ணின் விலையாகும் பணமும் ஒரே அச்சகத்தில் அடிக்கப்பட்டவை என்பதே அப்பாஸின் வாதம். நோட்டை நீக்கிவிட்டால் அத்தெருக்காட்சி வெறும் வேடிக்கையாகிவிடும். நோட்டு இருந்தால் அது பொருளாதாரம், அறம். ஆக, ஒழுக்கத்தைக் காப்பதாகச் சொல்லிய கத்தரி, காட்சியின் ஒழுக்கத்தையே நறுக்க முனைந்தது. தணிக்கையின் வரலாற்றில் இவ்வாறு நிகழ்ந்தது ஒருமுறையன்று. உடலைக் கண்டு கூசும் கண், பெரும்பாலும் உடலுக்குப் பின்னே நிற்கும் வறுமையைக் கண்டே கூசுகிறது.

வழக்கு உச்ச நீதிமன்றத்தில் விசாரணைக்கு வந்தபோது அரசு சட்டென்று பின்வாங்கியது. வெட்டு எதுவுமின்றியே ‘யு’ சான்றிதழ் தருகிறோம் என்றது. வேறொருவராயின் அன்றே வீடு திரும்பியிருப்பார். அப்பாஸ் திரும்பவில்லை. தம் மனுவைத் திருத்த அனுமதி பெற்று, தம் படத்தை விட்டுவிட்டுத் தணிக்கை முறையையே கேள்விக்குள்ளாக்கினார். அவர் எழுப்பிய வாதங்கள் நான்கு: முன்தணிக்கையே பேச்சுரிமைக்கு மாறானது, அப்படி ஒன்று இருந்தே தீரவேண்டுமாயின் அது மனம்போன போக்குக்கு இடந்தராத தெளிந்த நெறிகளால் ஆளப்பட வேண்டும், முடிவு சொல்லக் காலவரையறை வேண்டும், மேல்முறையீடு அரசிடம் போகாமல் ஒரு நீதிமன்றத்திடமோ சுதந்திரமான தீர்ப்பாயத்திடமோ போக வேண்டும்.

முதல் இரண்டு வாதங்களில் அப்பாஸ் தோற்றார். ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாய் முன்தணிக்கையை ஏற்றனர். பின் இரண்டில் தீர்ப்பே தேவைப்படவில்லை. ஏனெனில் அரசின் சார்பில் வந்த சொலிசிட்டர் ஜெனரல் அவ்விரண்டையும் ஒப்புக்கொண்டு, அதற்குரிய சட்டத்தை விரைவில் கொண்டுவருவதாய் உறுதியளித்தார். அவ்வுறுதியில் மனநிறைவு கொண்ட நீதிமன்றம் அப்பொருளுக்குள் மேலும் நுழையவில்லை. அரசுச் செயலாளர் ஒருவரைக் காட்டிலும் துறையறிந்தோர் அமர்ந்த தீர்ப்பாயமே மக்களின் நம்பிக்கையைப் பெறும் என்றும், மத்திய அரசு இனி இத்துறையில் நீதிபதி வேலை பார்க்காது என்பதில் மகிழ்ச்சி என்றும் ஹிதாயத்துல்லா பதிவு செய்தார். இந்தச் சில வரிகளை நாம் அத்தீர்ப்பின் உயிர்நாடியாகக் கருதுகிறோம். வழக்கறிஞர்கள் இவ்வரிகளை அவ்வளவாக மேற்கோள் காட்டுவதில்லை.

காரணத்தை விளக்க, நீதிபதி கடந்து வந்த வழியைச் சிறிது பார்க்க வேண்டும். அவர் அமெரிக்க வழக்குகளை விரிவாக எடுத்து ஆராய்கிறார். 1915இல் ஒஹாயோ மாநிலத் தணிக்கையை எதிர்த்து மியூச்சுவல் பிலிம் நிறுவனம் தொடுத்த வழக்கில், திரைப்படம் ஏனைய காட்சிகளைப் போன்ற வெறும் வணிகமே, பத்திரிகைக்குரிய உரிமை அதற்கில்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் முடிவு கட்டியது. 37 ஆண்டுகள் அம்முடிவு நின்றது. 1952இல், இத்தாலிய இயக்குநர் ரோசலினியின் ‘அற்புதம்’ என்னும் படத்தைத் தெய்வ நிந்தனை என்று நியூயார்க் மாநிலம் தடுத்தபோது, திரைப்படமும் கருத்து வெளியீட்டு ஊடகமே என்று அந்நீதிமன்றம் தன் பழைய நிலையைக் கைவிட்டது. எந்தச் சமயத்துக்கு எது நிந்தனை என்று தீர்மானிப்பது அரசின் வேலையன்று என்பதும் அத்தீர்ப்பின் சாரம். எனினும் முன்தணிக்கையே கூடாதென்ற வாதம் 1961இல் சிகாகோ வழக்கில் ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் ஒரே ஒரு வாக்கால் தோற்றது. பிறகு 1965இல் மேரிலண்டு மாநிலத்தின் பால்டிமோர் நகரத் திரையரங்கு உரிமையாளர் ஒருவர், தணிக்கைக்கு அனுப்பாமலே ஒரு படத்தைத் திரையிட்டுத் தண்டனை பெற்று, உச்ச நீதிமன்றத்தில் வென்றார். அங்கே நீதிமன்றம் தணிக்கையை ஒழிக்கவில்லை. ஆனால் சுமையைத் திருப்பி வைத்தது. படம் தீங்கற்றது என்று படைப்பாளி மெய்ப்பிக்க வேண்டியதில்லை, தீங்குடையது என்று தணிக்கையாளரே மெய்ப்பிக்க வேண்டும். தடை வேண்டுமெனில் தணிக்கையாளரே விரைந்து நீதிமன்றப் படி ஏற வேண்டும் என்றது. இந்த ஒரு திருப்பம் போதுமானதாயிற்று. மாநிலத் தணிக்கைக் குழுக்கள் ஒவ்வொன்றாய் மறைந்தன. கடைசியாய் எஞ்சிய மேரிலண்டுக் குழுவும் 1981இல் மூடப்பட்டது.

ஹிதாயத்துல்லா இவற்றையெல்லாம் அறிந்தே எழுதினார். ஆனால் அமெரிக்க வழி நமக்கு ஆகாது என்றார். அங்கே பேச்சுரிமை விதியில் வரம்பு எழுதப்படவில்லை. நம் அரசியலமைப்பின் 19ஆம் விதியில் நியாயமான கட்டுப்பாடுகள் வெளிப்படையாகவே எழுதப்பட்டுள்ளன. இது வலுவான காரணமே, மறுப்பதற்கில்லை. ஆயினும் கட்டுப்பாட்டுக்கு இடமுண்டு என்பது வேறு. கட்டுப்பாட்டின் நியாயத்தை யார் யாரிடம் மெய்ப்பிப்பது என்பது வேறு. மேரிலண்டு வழக்கின் பாடம் இரண்டாவதைப் பற்றியது. அதனை ஏற்க நம் 19ஆம் விதி எவ்வகையிலும் தடையன்று. தீர்ப்பு இவ்விடத்தில் விரைந்து கடந்து விடுகிறது.

திரைப்படத்தை நூலினின்று வேறாக நடத்தலாம் என்பதற்கு அவர் காட்டும் காரணமும் ஆராயத்தக்கது. ஓவியம், நாடகம், நூல் ஆகிய எதனைக் காட்டிலும் திரைப்படம் உள்ளத்தை விரைந்து அசைக்கிறது. கண்ணும் செவியும் ஒருங்கே ஆட்படுகின்றன. சிறுவர்கள் மட்டுமன்றி வளர்ந்தோரும் திரையில் கண்டதை மெய்யென்று மயங்குகின்றனர் என்பது அவர் கூற்றின் பொருள். ஆற்றல் மிக்கது என்பதால் அஞ்சத்தக்கது என்ற இந்த வாதம் தணிக்கையாளர் யாவர்க்கும் பிடித்தமானது. நமக்கு இதில் ஐயம் உண்டு. ஊர்ப்புறங்களில் சீறாப்புராணம் பாடிப் பொருள் சொல்லும் சபைகளில் எழுத்தறியாத முதியவர்கள் அமர்ந்து கேட்பதை நாம் கண்டிருக்கிறோம். உமறுப்புலவரின் வருணனையில் எது உவமை, எது செய்தி என்று அவர்கள் ஒருபோதும் தடுமாறியதில்லை. தடுமாற்றமெல்லாம் தேர்வுக்குப் படிக்கும் மாணவர்களிடந்தான். கதையைக் கதையென்று அறியும் பயிற்சி எழுத்தறிவோடு வருவதன்று. அது செவிவழி மரபில் ஊறியோர்க்குத் தானே வாய்ப்பது.

வியப்பு என்னவெனில், இவ்வாறு பார்வையாளரைக் குழந்தையாக்கிய அதே தீர்ப்பு, சில பக்கங்கள் கழித்து அவரை மீண்டும் பெரியவராக்குகிறது. நம்மிடையே மிக இழிந்தவனையும் மிக வலுவற்றவனையும் அளவுகோலாய் வைத்து, நலமான உள்ளமுடையோர் காணத்தக்கதைத் தீர்மானிக்கலாகாது என்று கூறுகிறது. பாலுணர்வு வேறு, ஆபாசம் வேறு என்கிறது. கற்பழிப்பைக் காட்டவே கூடாதென்றால் லுக்ரீஸின் கதையை எவ்வாறு திரையில் சொல்வது என்று கேட்கிறது. கலைத்தன்மையும் சமூகப் பயனும் உடையதை, வேண்டுமென்றே கீழ்மையுடையதினின்று பிரித்தறியும் நெறி அரசின் கட்டளைகளில் இல்லை என்று வெளிப்படையாகவே குறை கூறுகிறது. 1964இல் லாரன்ஸின் ‘லேடி சாட்டர்லி’ நாவலை விற்ற பம்பாய்ப் புத்தக வணிகரின் தண்டனையை உறுதி செய்தவரும் இதே ஹிதாயத்துல்லாதான். அங்கே அவர் ஏற்றது 1868ஆம் ஆண்டின் ஆங்கிலேய அளவுகோல்: கெட்டுப்போகக் கூடிய மனமுடையோர் கையில் கிடைத்தால் என்னாகும் என்பது. ஆறே ஆண்டுகளில் ஒரு நீதிபதியின் பார்வை இவ்வளவு விரிந்தது. ஆனால் விரிந்த பார்வை அவருடைய காரணங்களில் தங்கிற்றே தவிர முடிவில் இறங்கவில்லை. நெறிகள் போதா என்று காரணத்தில் சொல்லிவிட்டு, நெறிகள் செல்லும் என்று முடிவில் சொல்கிறார். இதுவே நாம் முதலில் குறித்த பிளவு. படைப்பாளியின் வழக்கறிஞர் காரணத்தைப் படிக்கிறார். அரசின் வழக்கறிஞர் முடிவைப் படிக்கிறார்.

உஸூலுல் ஃபிக்ஹு பயின்றோர்க்கு ஒரு விதி நினைவுக்கு வரும். ஹுக்மு அதன் இல்லத்தோடு சுழலும். காரணம் இருக்குமிடத்தில் முடிவு இருக்கும், காரணம் நீங்கினால் முடிவும் நீங்கும். உச்ச நீதிமன்றத் தீர்ப்பை இவ்விதியால் அப்படியே அளக்க முடியாது என்பதை அறிவோம். எனினும் கேட்கத் தோன்றுகிறது: மேல்முறையீட்டைப் பற்றிய வினாவுக்கு விடை சொல்லாமல் நீதிமன்றம் அமைதியுற்றது ஒரு வாக்குறுதியின் பேரில். அவ்வாக்குறுதி என்னாயிற்று?

13 ஆண்டுகள் அது வாக்குறுதியாகவே கிடந்தது. அதற்குள் நாடு எதைக் கண்டது என்பது எல்லாரும் அறிந்த கதை. அம்ரித் நாஹட்டா என்னும் நாடாளுமன்ற உறுப்பினர் ‘கிஸ்ஸா குர்ஸி கா’, அதாவது நாற்காலியின் கதை என்று ஓர் அரசியல் நையாண்டிப் படம் எடுத்து 1975இல் தணிக்கைக்கு அனுப்பினார். குழுவினின்று அது அமைச்சகத்துக்குப் போயிற்று, சான்றிதழ் மறுக்கப்பட்டது, அவர் உச்ச நீதிமன்றம் சென்றார். நீதிபதிகள் படத்தைப் பார்க்க நாள் குறித்தனர். படம் கிடைக்கவில்லை. நெருக்கடி நிலை நீங்கிய பின் நடந்த விசாரணையில், படச்சுருள்கள் குர்காவ் மாருதித் தொழிற்சாலையில் எரிக்கப்பட்டன என்பது அரசுத் தரப்பின் வழக்கு. அன்றைய தகவல் ஒலிபரப்பு அமைச்சர் வி. சி. சுக்லாவும் சஞ்சய் காந்தியும் 1979இல் தண்டிக்கப்பட்டு, 1980இல் உச்ச நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டனர். யார் குற்றவாளி என்பதற்குள் நாம் போகவில்லை. நீதிமன்றம் விடுவித்த பின் அது நம் வேலையும் அன்று. ஆனால் படைப்பாளிக்கு மேல்முறையீடு செய்ய இருந்த ஒரே இடம் அமைச்சகந்தான் என்னும் நிலையில், நீதிபதிகள் காண வேண்டிய படம் அவர்கள் கண்ணுக்கு எட்டாமலே போயிற்று. செயலாளர் நீதிபதியாக இருக்கலாகாது என்று ஹிதாயத்துல்லா ஏன் எழுதினார் என்பதற்கு இதைவிட விரிவுரை வேண்டுமோ?

1981இல் சட்டம் திருத்தப்பட்டு, 1983 ஜூன் முதல் திரைப்படச் சான்றளிப்பு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் நடைமுறைக்கு வந்தது. தலைவர் ஒருவரும் உறுப்பினர் நால்வர் வரையும் அமரும் சிறு அமைப்பு. தணிக்கைக் குழு என்ற பெயரும் அப்போதே சான்றளிப்புக் குழு என்றாயிற்று. பெயர் மாறிய அளவுக்குக் கை மாறிற்றா என்பது வேறு பேச்சு. அப்பாஸ் 1987 ஜூன் மாதம் மறைந்தார். தாம் கேட்ட நான்கில் இரண்டு கைகூடியதைக் கண்டே போனார் என்பது ஆறுதல்.

தீர்ப்பாயம் என்ன செய்தது? ‘பாண்டிட் குவீன்’ படத்தை எடுத்துக்கொள்வோம். அதன் சில காட்சிகளை நினைத்தாலே நெஞ்சு நடுங்கும். குழு கேட்ட வெட்டுகளைத் தீர்ப்பாயம் தள்ளி, வயது வந்தோர்க்கான சான்றிதழ் தந்தது. தில்லி உயர் நீதிமன்றம் அதனை நீக்கியது. 1996இல் உச்ச நீதிமன்றம் மீண்டும் நிலைநிறுத்தியது. அந்தப் பெண்ணை நிர்வாணமாக்கிக் கிணற்றுக்கு நடத்திய காட்சி காமத்தைத் தூண்ட அன்று, கயவர்மீது அருவருப்பை எழுப்பவே என்று நீதிபதிகள் கண்டனர். தீர்ப்பாயத்தில் மூன்று பெண்கள் இருந்து அக்காட்சிகளை ஏற்றனர் என்பதையும் அவர்கள் மறவாமல் குறித்தனர். ஓர் ஆண் செயலாளரின் மேசையில் அப்படம் முடிவாகியிருந்தால் என்னாகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். அத்தீர்ப்பாயத்தின் தலைவராயிருந்தவர் ஓய்வுபெற்ற நீதிபதி லென்டின்.

லென்டின் என்ற பெயர் நமக்கு வேறொரு வகையிலும் நினைவில் நிற்கத்தக்கது. பீஷ்ம சாஹ்னியின் நாவலைக் கோவிந்த் நிஹலானி ‘தமஸ்’ என்று தொடராக்கி, 1988 சனவரியில் தூர்தர்ஷன் அதனை ஒளிபரப்பியது. பிரிவினைக் காலத்தில் பன்றியொன்றைக் கொன்று பள்ளிவாசல் படிக்கட்டில் எறிந்து கலகம் மூட்டிய கதை. கலகம் வரும், நிறுத்துங்கள் என்று பம்பாய் உயர் நீதிமன்றத்தில் வழக்கு. நீதிபதிகள் லென்டினும் சுஜாதா மனோகரும் முழுத்தொடரையும் அமர்ந்து பார்த்து, நிறுத்த மறுத்தனர். உச்ச நீதிமன்றமும் பிப்ரவரியில் அவ்வழியே சென்றது. எங்கும் பகையையே காணும் சஞ்சல மனத்தை அளவுகோலாக்காமல், திடமும் துணிவும் உள்ள சாதாரண மனிதனின் பார்வையில் பார்க்க வேண்டும் என்பது அதன் நெறி. நம் சமுதாயத்தின் புண்ணையும் ஏனையோர் புண்ணையும் ஒன்றாகத் திறந்து காட்டிய அத்தொடர் நின்றுபோயிருந்தால் இழப்பு யாருக்கு?

மறு ஆண்டே தமிழ்ப்படம் ஒன்றால் அந்நெறி இன்னும் உறுதிப்பட்டது. ‘ஒரே ஒரு கிராமத்திலே’ சாதி அடிப்படையிலான இட ஒதுக்கீட்டைக் குறை கூறிய படம். நமக்கு அதன் கருத்து உடன்பாடன்று. ஒதுக்கீட்டின் நன்மையை நம் சமுதாயம் இன்றும் கண்கூடாகக் காண்கிறது. குழுவில் ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் ‘யு’ கிடைத்தது. சென்னை உயர் நீதிமன்ற அமர்வு அதனை நீக்கியது. படத்தை எதிர்த்து மறியல் வரும், வன்முறை வரும், அடக்க இயலாது என்று மாநில அரசே வாதிட்டது. 1989 மார்ச் 30ஆம் நாள் நீதிபதி ஜகந்நாத ஷெட்டி எழுதிய தீர்ப்பு அவ்வாதத்தை ஏற்கவில்லை. மிரட்டலுக்கு அஞ்சிக் கருத்தை அடக்குவது சட்டத்தின் ஆட்சியைக் கைவிடுவதாகும்; கலகக்காரனை அடக்குவதே அரசின் கடமை, பேசுபவனை அடக்குவதன்று; கருத்துக்கும் தீங்குக்கும் உள்ள தொடர்பு வெடிமருந்துப் பீப்பாயில் விழும் பொறியைப் போல் நெருக்கமாயிருந்தாலன்றித் தடை செல்லாது என்றது. நமக்கு ஒவ்வாத படத்துக்காக எழுதப்பட்ட இத்தீர்ப்பே நாளை நமக்குப் புகலிடம்.

இதனை 2013இல் நம்மவர் பலர் எண்ணிப் பார்க்கவில்லை. ‘விஸ்வரூபம்’ சான்றிதழ் பெற்ற படம். முஸ்லிம் அமைப்புகள் எதிர்த்தன. மாவட்ட ஆட்சியர்கள் 144ஆம் பிரிவின்கீழ்த் தடை விதித்தனர். தனி நீதிபதி படத்தைப் பார்த்துத் தடையை நீக்க, மறுநாளே அமர்வு அந்நீக்கத்தை நிறுத்தி வைத்தது. இறுதியில் பேச்சுவார்த்தை மேசையில் ஏழு இடங்கள் ஒலியடக்கப்பட்டோ திருத்தப்பட்டோ பிப்ரவரி 7ஆம் நாள் படம் வெளியாயிற்று. திரையில் முஸ்லிம் என்றாலே துப்பாக்கி என்று காட்டும் சோம்பேறித்தனத்தின்மீது சமுதாயத்துக்கு இருந்த வருத்தம் பொய்யன்று. அதனைக் கட்டுரையில் எழுதலாம், மேடையில் பேசலாம், வேறொரு படத்தால் விடை சொல்லலாம். ஆனால் அமைதி கெடும் என்ற காரணத்தால் ஒரு படத்தை நிறுத்தும் வழியைச் சிறுபான்மையினர் தாமே திறந்து வைப்பது, தம் வீட்டுச் சுவரில் தாமே கன்னமிடுவதற்கு ஒப்பாகும். அவ்வழியே நுழையக் கூடிய பெருங்கூட்டம் வேறு உண்டு. ‘தமஸ்’ வழக்கும் கிராமத்து வழக்கும் அடைத்துவைத்த கதவு அது.

மற்றவற்றைச் சுருங்கச் சொல்லலாம். சான்றிதழ் பெற்ற படத்தை மத்திய அரசு மீண்டும் தன் பார்வைக்கு எடுத்து மாற்றலாம் என்றிருந்த அதிகாரத்தைக் கர்நாடக உயர் நீதிமன்றம் நீக்க, 2000இல் சங்கரப்பா வழக்கில் உச்ச நீதிமன்றமும் அதனை உறுதி செய்தது. 2017இல் ‘லிப்ஸ்டிக் அண்டர் மை புர்கா’ படத்துக்குக் குழு சான்றிதழே மறுத்தது. குறிப்பிட்ட ஒரு சமுதாயத்தைத் தொடுகிறது என்பதும் காரணங்களுள் ஒன்று. அதாவது நம்மைக் காக்கிறோம் என்றார்கள். தீர்ப்பாயம் அம்மறுப்பை நீக்கி வயது வந்தோர்க்கான சான்றிதழ் தரச் சொல்லியது. அப்படத்தின் பல பகுதிகள் நமக்கு உவப்பல்ல. எனினும் புர்காவுக்குள் இருக்கும் பெண்ணின் துயரத்தைப் பேசலாகாது என்று நம் பெயரால் இன்னொருவர் முடிவு செய்வது அதனினும் உவப்பல்ல.

பிறகு 2021 ஏப்ரலில், தீர்ப்பாயங்கள் பலவற்றைச் சீர்திருத்துகிறோம் என்று வந்த அவசரச் சட்டத்தால் இத்தீர்ப்பாயம் கலைக்கப்பட்டது. ஆகஸ்டில் அது நாடாளுமன்றச் சட்டமாகவும் ஆயிற்று. மேல்முறையீடு இனி உயர் நீதிமன்றத்துக்கு. 2023இல் வந்த திருத்தம், சங்கரப்பா தீர்ப்புக்கு இசைய அரசின் மறுஆய்வு அதிகாரத்தைச் சட்டப் புத்தகத்தினின்றே எடுத்தது; சான்றிதழ் பத்தாண்டோடு காலாவதியாகாமல் என்றும் செல்லும் என்றது; வயதுப் பிரிவுகளை நுணுக்கமாக்கியது. இவை நல்லவை, நன்மையை நன்மை என்றே சொல்வோம். தீர்ப்பாயம் மட்டும் திரும்பவில்லை.

அரசின் சார்பில் ஒரு விடை உண்டு. நீதிமன்றத்திடமோ தீர்ப்பாயத்திடமோ என்றுதானே 1970இல் சொல்லப்பட்டது, உயர் நீதிமன்றம் நீதிமன்றந்தானே? எழுத்தின்படி இது சரியே. ஆனால் ஹிதாயத்துல்லா நம்பிக்கை வைத்தது துறையறிந்தோர் அமர்ந்த அவையில். ஐந்து பேர் ஓர் அறையில் அமர்ந்து, ஒரு படத்தைத் தொடக்கம் முதல் முடிவு வரை பார்த்து, எடுத்தவரை எதிரே வைத்துக் கேட்டு, சில வாரங்களில் முடிவு சொல்லும் ஏற்பாடு அது. உயர் நீதிமன்றத்தில் நிலத் தகராறும் ஜாமீன் மனுவும் குவிந்து கிடக்கும் பட்டியலில் ஒரு திரைப்படமும் வரிசையில் நிற்க வேண்டும். கோடி கோடியாய்ப் பணம் புரளும் படத்துக்குப் பெரிய வழக்கறிஞர்கள் கிடைப்பார்கள். பட்டியலில் முன்னுக்கும் வருவார்கள். ‘நான்கு நகரங்களின் கதை’ போன்ற சிறு ஆவணப்படத்தை இன்று ஒருவர் எடுத்து, அதில் கைமாறும் நோட்டை வெட்டு என்று குழு சொன்னால், அவர் வழக்கறிஞர் கட்டணத்தை எண்ணிப் பார்த்து, அந்தச் சில அடிகளைத் தாமே வெட்டிக் கொடுத்துவிடுவார். அவ்வாறு வெட்டப்பட்டவை எந்தச் சட்ட ஏட்டிலும் பதிவாவதில்லை.